சுவருக்குள் இன்னொரு ஹீட்டர்

மார்கழிக் காலையில் கீசர் ஸ்விட்சைத் தட்டினால் கால் மணி நேரத்தில் தண்ணீர் சுடுகிறது. உள்ளே இருக்கும் காயிலில் மின்சாரம் ஓடுகிறது, காயில் சூடாகிறது, தண்ணீரும் சூடாகிறது. இதில் புதிர் எதுவும் இல்லை என்றுதான் தோன்றும். ஆனால் அதே மின்சாரம்தான் மீட்டர் பலகையில் கிளம்பி, சுவருக்குள் பதித்த குழாய் வழியாக ஒயரில் ஓடி வந்து காயிலுக்குள் நுழைந்தது. காயிலில் எத்தனை ஆம்பியர் ஓடுகிறதோ, அத்தனை ஆம்பியர்தான் ஒயரிலும் ஓடுகிறது. துளிகூடக் கூடுதல் குறைவு கிடையாது. அப்படியிருக்க, காயில் தண்ணீரைக் கொதிக்கவைக்கும்போது, ஒயர் மட்டும் எப்படிச் சும்மா கிடக்கிறது?

ஒயர் சும்மா கிடப்பதில்லை. அதுவும் சூடாகிக்கொண்டுதான் இருக்கிறது. நாம் உணராத அளவுக்குக் கொஞ்சமாகச் சூடாகிறது, அவ்வளவுதான். அந்தச் சூட்டைக் கொஞ்சமாகவே வைத்திருப்பதற்குத்தான் எலக்ட்ரீசியன் "லைட்டுக்கு ஒன்றரை ஸ்கொயர் போதும், கீசருக்கு நாலு ஸ்கொயர் போடணும்" என்கிறார். அவர் சொல்லும் அந்த எண் எங்கிருந்து வருகிறது என்பதுதான் இந்த அத்தியாயம்.

ஒரே ஓட்டம், இரண்டு தடை

ஒரு பொருள் தன் வழியே ஓடும் மின்சாரத்துக்குக் காட்டும் எதிர்ப்பை மின்தடை என்கிறோம். அதன் அளவு ஓம். இரண்டு கிலோவாட் கீசரின் காயிலுக்கு ஏறக்குறைய 26 ஓம் தடை இருக்கும். நம் வீட்டு 230 வோல்ட்டில் அதன் வழியே 8.7 ஆம்பியர் ஓடும்.

ஒயரின் தடையைக் கணக்கிட ஒரே ஒரு எண் போதும். ஒரு மீட்டர் நீளமும் ஒரு சதுர மில்லிமீட்டர் குறுக்குவெட்டுப் பரப்பும் உள்ள செம்புக் கம்பியின் தடை 0.017 ஓம். கம்பியைக் குறுக்காக நறுக்கினால் தெரியும் வட்டத்தின் பரப்புதான் குறுக்குவெட்டுப் பரப்பு. கடையில் "ரெண்டரை ஸ்கொயர்" என்று கேட்கும்போது 2.5 சதுர மில்லிமீட்டர் பரப்பைத்தான் கேட்கிறோம். பலர் அதைக் கம்பியின் விட்டம் என்று நினைத்துக்கொள்கிறார்கள். ஒரே கம்பியாக இருந்தால் அதன் விட்டம் 1.8 மில்லிமீட்டர்கூட வராது.

மீட்டர் பலகையிலிருந்து கீசர் 10 மீட்டர் தள்ளி இருக்கிறது என்று வையுங்கள். மின்சாரம் போவதற்கு ஒரு கம்பி, திரும்பி வருவதற்கு ஒரு கம்பி. ஆக 20 மீட்டர் செம்பு. ரெண்டரை ஸ்கொயரில் அதன் தடை 0.14 ஓம். காயிலின் 26 ஓம் எங்கே, இந்த 0.14 எங்கே! காயிலில் 2000 வாட் வெப்பம் பிறக்கிறது, ஒயரில் பத்து வாட்டுக்குச் சற்று மேல். அந்தப் பத்து வாட்டும் 20 மீட்டர் நீளத்துக்குப் பரவிக் கிடக்கிறது. தொட்டுப் பார்த்தால் தெரியாததில் வியப்பில்லை.

கீசரும் ஒயரும் செய்வது ஒரே வேலை. ஒன்றில் நாம் சூட்டை வேண்டிக் கேட்கிறோம், மற்றதில் வேண்டாம் என்கிறோம். மின்சாரத்துக்கு அந்த வித்தியாசம் தெரியாது.

சால்ஃபோர்டு இளைஞரின் கண்ணாடிக் குழாய்

எவ்வளவு மின்னோட்டத்துக்கு எவ்வளவு வெப்பம் என்பதை முதன்முதலில் துல்லியமாக அளந்தவர் ஜேம்ஸ் ஜூல். இங்கிலாந்தில் மான்செஸ்டரை ஒட்டிய சால்ஃபோர்டில், பீர் ஆலை நடத்திய குடும்பத்தில் 1818இல் பிறந்தவர். பல்கலைக்கழகப் பேராசிரியர் அல்லர். குடும்பத் தொழிலைக் கவனித்துக்கொண்டே வீட்டில் சோதனைகள் செய்தவர். கம்பியை மெல்லிய கண்ணாடிக் குழாய்மீது சுற்றி, தண்ணீர் ஜாடிக்குள் அமிழ்த்தி, மின்சாரம் செலுத்தி, தண்ணீரின் வெப்பநிலை எத்தனை டிகிரி ஏறுகிறது என்று வெப்பமானியை வைத்துப் பார்த்தார். இன்றைய வாட்டர் ஹீட்டரின் மூதாதை அந்த ஜாடிதான்.

அவர் 1841இல் வெளியிட்ட முடிவு இது: தடை இரட்டிப்பானால் வெப்பமும் இரட்டிப்பாகும். ஆனால் மின்னோட்டம் இரட்டிப்பானால் வெப்பம் நான்கு மடங்காகும். மின்னோட்டம் மும்மடங்கானால் வெப்பம் ஒன்பது மடங்கு.

ஒயர் விஷயத்தில் மனிதர்கள் ஏமாறுவதெல்லாம் இந்த இடத்தில்தான். பழைய ஒயரில் 10 ஆம்பியர் ஓடியபோது ஒன்றும் ஆகவில்லை, இன்னொரு பத்தையும் தாங்காதா என்று மனசு கணக்குப் போடுகிறது. அது கூட்டல் கணக்கு. ஒயர் போடுவதோ பெருக்கல் கணக்கு. பத்து இருபதானதும் அது நான்கு மடங்கு சூட்டை வெளியேற்ற வேண்டியிருக்கிறது.

தோட்டத்துக் கோடியில் ஒரு வெந்நீர்த் தொட்டி

உதாரணத்தையும் ஜூலின் ஊர்ப்பக்கமே வைத்துக்கொள்வோம். இங்கிலாந்து வீடுகளின் பின்தோட்டத்தில் ஹாட் டப் எனப்படும் வெந்நீர்த் தொட்டி வைத்துக்கொள்வது உண்டு. ஐந்தாறு பேர் உட்காரலாம். பனிக்காலத்திலும் திறந்த வெளியில் கழுத்தளவு வெந்நீரில் இருப்பதுதான் அதன் சுகம். ஒயர் அளவைப் புரிந்துகொள்ள இதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது. மின்சாரத்தை நிறைய இழுக்கும் சாதனம் இது. நீண்ட நேரம் ஓடும். வீட்டிலிருந்து தள்ளி இருக்கும். போதாததற்கு அதற்குள் ஈர உடம்போடு ஆட்கள் உட்கார்ந்திருப்பார்கள். கேபிளைச் சோதிக்கும் அத்தனை நிலைமைகளும் ஒரே இடத்தில் கூடியிருக்கின்றன.

நம் தொட்டியில் 1200 லிட்டர் தண்ணீர். ஹீட்டர் 3 கிலோவாட். தண்ணீரைப் பீய்ச்சியடிக்கும் பம்புகள் சேர்ந்து மூன்றரை கிலோவாட். காற்றூதியும் விளக்குகளுமாக இன்னொரு அரை கிலோவாட். எல்லாம் ஒருசேர ஓடினால் 7 கிலோவாட். அங்கும் 230 வோல்ட்தான், ஆகவே 30 ஆம்பியர். மெயின் போர்டிலிருந்து தொட்டிக்கு 40 மீட்டர்.

நேரத்தையும் பாருங்கள். மின்கெட்டிலும் 3 கிலோவாட்தான். ஆனால் மூன்று நிமிடத்தில் வேலை முடிந்துவிடும். அதன் ஒயர் சூடாகத் தொடங்குவதற்குள் ஓய்வு வந்துவிடுகிறது. 1200 லிட்டரை 10 டிகிரியிலிருந்து 38 டிகிரிக்குக் கொண்டுபோக 39 யூனிட் மின்சாரம் வேண்டும். 3 கிலோவாட் ஹீட்டர் இடைவிடாமல் 13 மணி நேரம் ஓட வேண்டும். அதற்குப் பிறகு குளிக்க ஆட்கள் இறங்கி, பம்புகளும் சேர்ந்துகொள்ளும்போது முப்பது ஆம்பியர். ஆறி எழ நேரமில்லாத கேபிள் இது. கெட்டிலுக்குப் பொறுத்துப்போகும் ஒயர் இங்கே பொறுக்காது.

எவ்வளவு சூடு தாங்கும்?

செம்பு உருக ஆயிரம் டிகிரிக்கு மேல் வேண்டும். ஒயரில் முதலில் சாவது செம்பு அல்ல, அதன் மேல் போர்த்திய பிளாஸ்டிக். அதைக் காப்புறை என்று அழைப்போம். வீட்டு ஒயர்களில் பெரும்பாலும் பிவிசி. பிவிசி காப்புறை ஆண்டுக்கணக்கில் உழைக்க வேண்டுமானால் கம்பியின் சூடு 70 டிகிரியைத் தாண்டக்கூடாது. தாண்டினால் உடனே பற்றி எரியாது. மெல்ல மெல்ல இறுகி, நிறம் மாறி, வெடிப்பு விட்டு, ஒரு நாள் உதிரும். வரம்புக்கு மேலே ஏறும் ஒவ்வொரு பத்து டிகிரிக்கும் காப்புறையின் ஆயுள் ஏறக்குறைய பாதியாகும் என்பது பொறியாளர்கள் கையாளும் வாய்பாடு.

பிரிட்டனின் மின்கம்பியிடல் விதித்தொகுப்பான பிஎஸ் 7671இல் இதற்கென்று அட்டவணைகள் உண்டு. வெளிக்காற்று 30 டிகிரி என்று வைத்துக்கொண்டு, எந்த அளவுக் கம்பியில் எத்தனை ஆம்பியர் ஓடினால் கம்பி சரியாக 70 டிகிரியைத் தொடும் என்று அவை சொல்கின்றன. தோட்டத்துக்குப் போடுவது எஃகுக் கம்பிகள் சுற்றிய ஆர்மர்டு கேபிள். பிவிசி காப்புறையோடு, இரட்டைக் கம்பியாக, சுவரில் ஆணியடித்துப் பொருத்தினால் ரெண்டரை ஸ்கொயர் 28 ஆம்பியர் தாங்கும். 4 ஸ்கொயர் 38, 6 ஸ்கொயர் 49, 10 ஸ்கொயர் 67, 16 ஸ்கொயர் 89.

இந்த வரிசையை அவசரமாகத் தாண்டிவிட வேண்டாம். 4 ஸ்கொயரிலிருந்து 16 ஸ்கொயருக்குப் போனால் செம்பு நான்கு மடங்கு. ஆனால் தாங்கும் மின்னோட்டம் நான்கு மடங்காகவில்லை, 38இலிருந்து 89க்கு வந்து நின்றுவிட்டது. காரணம், சூடு பிறப்பது கம்பியின் உள்ளே, வெளியேறுவது அதன் மேற்பரப்பு வழியாக. கம்பியின் விட்டத்தை இரட்டிப்பாக்கினால் குறுக்குவெட்டுப் பரப்பு நான்கு மடங்காகிறது. மேற்பரப்போ இரண்டு மடங்குதான் ஆகிறது. தடித்த கம்பி தன் சூட்டை வெளியே தள்ளத் திணறும். ஆகவே "ஒரு ஸ்கொயருக்கு இத்தனை ஆம்பியர்" என்று ஒரே எண்ணை மனப்பாடம் செய்துகொண்டு எல்லா அளவுக்கும் பெருக்குவது தப்பு. பட்டறையிலும் கட்டடத்திலும் அப்படிப் பெருக்குகிறவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள்.

நம் தொட்டிக்கு 30 ஆம்பியர். ரெண்டரை ஸ்கொயர் தாங்காது. 4 ஸ்கொயர் போட்டால் கம்பி 55 டிகிரி அளவில் நிற்கும். இந்தக் கேள்வியோடு விஷயம் முடிந்திருந்தால் 4 ஸ்கொயரே வாங்கிவிடலாம்.

ஆனால் கேபிள் போகும் வழி முழுக்க ஒரே மாதிரி இருக்காது. இங்கிலாந்தில் குளிரைத் தடுக்கச் சுவரிலும் பரணிலும் கண்ணாடி இழைப் பஞ்சை அடைத்திருப்பார்கள். கேபிள் வீட்டுக்குள்ளிருந்து கிளம்பும் இடத்தில் அரை மீட்டருக்கு மேல் அந்தப் பஞ்சுக்குள் புதைந்து போனால், காய்ச்சல்காரனுக்குக் கம்பளி போர்த்திய கதைதான். சூடு வெளியேற வழியில்லை. விதித்தொகுப்பு அந்தக் கேபிளின் தாங்குதிறனைப் பாதியாகக் குறைத்துவிடச் சொல்கிறது. 38 ஆம்பியர் 19 ஆகிவிடும். 40 மீட்டரில் 39 மீட்டர் காற்றோட்டமாக இருந்தும் பயனில்லை, கேபிள் கருகுவது அந்த ஒரு மீட்டரில்தான். ஆகவே நல்ல எலக்ட்ரீசியன் கேபிளை அந்தப் பஞ்சைத் தவிர்த்து வேறு வழியில் கொண்டுபோவார். நம் தொட்டிக்கும் அப்படியே செய்ததாக வைத்துக்கொள்வோம்.

வழியில் தொலையும் வோல்ட்

அடுத்தது தூரம். போர்டில் 230 வோல்ட் இருந்தாலும் 40 மீட்டர் தாண்டித் தொட்டியில் அத்தனை வோல்ட் கிடைக்காது. கேபிளின் தடை வழியிலேயே கொஞ்சம் எடுத்துக்கொள்ளும். இதற்கு மின்னழுத்த வீழ்ச்சி என்று பெயர். எத்தனை ஆம்பியர் ஓடுகிறதோ அதைக் கேபிளின் தடையோடு பெருக்கினால் தொலைந்த வோல்ட் கிடைத்துவிடும். வேறு சூத்திரம் தேவையில்லை.

செம்பு சூடானால் அதன் தடையும் கூடும். 20 டிகிரியில் இருப்பதைவிட 70 டிகிரியில் ஐந்தில் ஒரு பங்கு அதிகம். அதையும் சேர்த்து விதித்தொகுப்பின் அட்டவணை தரும் கணக்கில், போக வர 80 மீட்டர் நீளமுள்ள 4 ஸ்கொயர் கம்பிக்கு 0.44 ஓம். முப்பது ஆம்பியரால் பெருக்குங்கள், 13.2 வோல்ட். பிரிட்டிஷ் விதித்தொகுப்பு இத்தகைய சாதனங்களுக்குக் காட்டும் எல்லை 5 விழுக்காடு, அதாவது 11.5 வோல்ட். சூட்டுச் சோதனையில் தேறிய 4 ஸ்கொயர் தூரச் சோதனையில் தோற்றுவிட்டது.

6 ஸ்கொயரில் தடை 0.29 ஓம், வீழ்ச்சி 8.8 வோல்ட். தேறிவிட்டது. 10 ஸ்கொயரில் 5.3 வோல்ட், தாராளம். இதே தொட்டி வீட்டை ஒட்டிப் பத்து மீட்டரில் இருந்திருந்தால் 4 ஸ்கொயரே போதும். "ஹாட் டப்புக்கு எத்தனை ஸ்கொயர்?" என்ற கேள்விக்குத் தூரம் தெரியாமல் யாரும் பதில் சொல்லக்கூடாது. சொன்னால் அது ஊகம்.

பதிமூன்று வோல்ட் குறைந்தால்தான் என்ன என்று கேட்கலாம். ஹீட்டரைப் பொறுத்தவரை பெரிய கேடில்லை. வோல்ட் குறைந்தால் ஆம்பியரும் குறையும், தண்ணீர் மெதுவாகச் சுடும். 13 வோல்ட் குறைந்த ஹீட்டர் தன் வேலையில் ஒன்பதில் ஒரு பங்கை இழக்கும், அவ்வளவே. பம்பு மோட்டாரின் குணம் வேறு. தள்ள வேண்டிய தண்ணீர் குறையவில்லை, ஆனால் வோல்ட் குறைந்துவிட்டது. ஆகவே அது கூடுதல் ஆம்பியரை இழுக்கும். கூடுதல் ஆம்பியர் கேபிளில் இன்னும் வோல்ட்டைத் தின்னும். மோட்டாரின் காயிலும் சூடாகும். போதாக்குறைக்கு, நின்றிருந்த மோட்டார் கிளம்பும் அந்தக் கணத்தில் வழக்கத்தைப்போல் ஐந்தாறு மடங்கு மின்னோட்டம் இழுக்கும். வீட்டில் போர் மோட்டாரைப் போட்டதும் விளக்குகள் ஒரு நொடி மங்கி மீள்வதைப் பார்த்திருப்பீர்கள். அந்த மங்கல்தான் மின்னழுத்த வீழ்ச்சி கண்ணுக்குத் தெரியும் இடம். முந்நூறு, நானூறு அடி ஆழத்தில் இறக்கிய நீர்மூழ்கி மோட்டார்களுக்கு மெல்லிய கேபிளைப் போட்டுவிட்டு, "கரண்ட் சரியில்லை, காயில் போய்விட்டது" என்று மோட்டாரை மாற்றிக்கொண்டே இருக்கிறவர்கள் கேபிளையும் ஒருமுறை அளந்து பார்க்க வேண்டும்.

எம்சிபி யாருக்குக் காவல்?

அளவுக்கு மீறி மின்னோட்டம் ஓடினால் தானாக விழுந்து இணைப்பைத் துண்டிக்கும் ஸ்விட்ச்தான் எம்சிபி. போர்டில் இருக்கும் அது சாதனத்தைப் பாதுகாக்கிறது என்றுதான் பெரும்பாலோர் நம்புகிறார்கள். அதன் முதல் வேலை கேபிளைக் காப்பது. ஆகவே மூன்று எண்கள் வரிசையாக ஏறிப்போக வேண்டும்: சாதனம் இழுக்கும் ஆம்பியர், எம்சிபியின் ஆம்பியர், கேபிள் தாங்கும் ஆம்பியர். நம் தொட்டிக்கு 30, 32, 49. வரிசை சரி.

இதில் எம்சிபியை ஏன் கேபிளுக்குக் கீழே வைக்க வேண்டும்? 32 ஆம்பியர் எம்சிபி 33 ஆம்பியர் வந்ததும் விழுந்துவிடாது. அதன் தர விதிப்படி 36 ஆம்பியரில் ஒரு மணி நேரம் விழாமல் இருக்க வேண்டும். 46 ஆம்பியர் ஓடினால் ஒரு மணி நேரத்துக்குள் விழ வேண்டும். அந்த ஒரு மணி நேரம்தான் பிரச்சினை. யாரோ செலவு மிச்சம் என்று ரெண்டரை ஸ்கொயர் கேபிளைப் போட்டு, தொட்டிக்காக 32 ஆம்பியர் எம்சிபியை மாட்டிவிட்டார் என்று வையுங்கள். ஒரு பம்பு சிக்கிக்கொண்டு 46 ஆம்பியர் இழுக்கிறது. ஜூலின் கணக்குப்படி அந்தக் கம்பியின் சூடு 130 டிகிரியைத் தாண்டிவிடும். எம்சிபி விழும்போது பிவிசி ஏற்கெனவே வெந்திருக்கும்.

நம் வீடுகளில் இதே தப்பு வேறு உருவத்தில் நடக்கிறது. எம்சிபி அடிக்கடி விழுகிறது என்றால், "பதினாறை எடுத்துவிட்டு இருபத்தைந்து போடுங்கள்" என்கிறார்கள். விழுவது நின்றுவிடும். கேபிளுக்கு இருந்த காவலும் நின்றுவிடும். விழுந்துகொண்டே இருக்கும் எம்சிபி ஒயர் போதவில்லை என்றோ, சாதனத்தில் கோளாறு என்றோ சொல்கிறது. முதலில் அதைக் கேட்க வேண்டும்.

தளர்ந்த ஒரு திருகு

அளவு சரியான கேபிளையும் ஒரு திருகு கெடுத்துவிடும். 40 மீட்டர் முழுவதற்கும் 6 ஸ்கொயரின் தடை 0.29 ஓம், அதில் பிறக்கும் சூடு 263 வாட். நீளம் முழுக்கப் பரவுவதால் மீட்டருக்கு ஆறேழு வாட் வீதம் காற்றில் கரைந்துவிடுகிறது. இப்போது தொட்டிப் பக்கத்து ஸ்விட்ச் பெட்டியில் ஒரு முனைத் திருகு சரியாக முறுக்கப்படவில்லை. கம்பியும் பித்தளையும் முழுதாக ஒட்டாமல் அங்கே 0.05 ஓம் தடை சேர்ந்துவிட்டது. கேட்க ஒன்றுமில்லாத எண். முப்பது ஆம்பியரில் அது 45 வாட். கடலைப் பருப்பளவு இடத்தில் 45 வாட்! சால்டரிங் அயர்னே ஏறக்குறைய அவ்வளவுதான். செம்பு சூட்டில் விரிந்து, ஆறும்போது சுருங்கி, ஒவ்வொரு முறையும் பிடி இன்னும் கொஞ்சம் தளரும். தடை கூடும், சூடு கூடும், மறுபடி தளரும்.

அயர்ன் பாக்ஸ் பிளக்கில் ஒரு பின் மட்டும் பழுப்பேறியிருப்பது, கீசர் ஸ்விட்சிலிருந்து வரும் மீன்வாடை போன்ற பிளாஸ்டிக் நாற்றம், இவையெல்லாம் இந்த வகை. அப்போது கேபிளை மாற்றிப் பயனில்லை. மின்சாரத்தை மெயினில் அணைத்து, முனையைச் சுத்தம் செய்து, இறுக்க வேண்டும். கருகியிருந்தால் அந்தப் பாகத்தையே மாற்ற வேண்டும்.

கெல்வினின் கணக்கு

6 ஸ்கொயர் தேறிவிட்டது. பிறகு எதற்குப் பத்தைப் பற்றி யோசிப்பது? ஜூலோடு சேர்ந்து வெப்ப ஆராய்ச்சி செய்த ஸ்காட்லாந்தில் பணியாற்றிய இயற்பியலாளர் வில்லியம் தாம்சன், பின்னாளில் கெல்வின் பிரபு ஆனவர், 1881இல் இதே கேள்வியை எழுப்பினார். மின்விளக்குகள் அப்போதுதான் நகரங்களுக்கு வரத் தொடங்கியிருந்தன. மெல்லிய கம்பி போட்டால் செம்பின் விலை மிச்சம், ஆனால் ஆண்டுதோறும் மின்சாரம் சூடாகிக் கரையும். தடித்த கம்பி போட்டால் மின்சாரம் மிச்சம், செம்புக்குச் செலவு. ஆண்டுக்குக் கரையும் மின்சாரத்தின் விலையும், செம்பில் முடங்கிய பணத்துக்கு ஆண்டுக்கு ஆகும் செலவும் சமமாகும் இடத்தில்தான் மொத்தச் செலவு மிகக் குறைவு என்று அவர் காட்டினார்.

நம் தொட்டியில் 6 ஸ்கொயர் 263 வாட்டைக் கரைக்கிறது, 10 ஸ்கொயர் 158 வாட்டை. நாளைக்கு இரண்டு மணி நேரம் முழுச் சுமையில் ஓடினால் ஆண்டுக்கு 77 யூனிட் வித்தியாசம். கேபிளின் ஆயுள் இருபது முப்பது ஆண்டு. நான் எழுபத்தேழை மட்டும் பார்க்கமாட்டேன். கேபிளை ஒருமுறை போட்டுவிட்டால் அதைப் பிரித்து மறுபடி போடுவதற்கு ஆகும் செலவு கேபிள் விலையையே மிஞ்சும். நாளைக்கு அந்த வீட்டுக்காரர் இன்னும் பெரிய தொட்டி வாங்கலாம், தோட்டத்தில் ஒரு அறை கட்டலாம். இந்த உதாரணத்துக்கு விதி கேட்பது 6 ஸ்கொயர். என் தேர்வு 10 ஸ்கொயர்.

தண்ணீரில் இருக்கும் உடம்பு

கேபிள் தடிமனால் தீர்க்க முடியாத ஆபத்து ஒன்று இருக்கிறது. ஹீட்டரின் உறை ஓட்டையாகி மின்சாரம் தண்ணீரில் கசிந்தால், எம்சிபிக்கு அது தெரியாது. மனித உடம்பைக் கொல்ல ஒரு ஆம்பியரில் பத்தில் ஒரு பங்குகூட வேண்டாம். எம்சிபியோ 32 ஆம்பியரைத் தாண்டினால்தான் கவனிக்கத் தொடங்கும். நனைந்த தோலின் தடை மிகக் குறைவு என்பதால் தொட்டியில் இருப்பவர்தான் எளிய வழி.

இதற்காக இருப்பதுதான் ஆர்சிசிபி. போகும் மின்சாரத்தையும் திரும்பும் மின்சாரத்தையும் அது ஒப்பிட்டுக்கொண்டே இருக்கும். இரண்டுக்கும் 30 மில்லி ஆம்பியர் வித்தியாசம் வந்தால், அந்தக் குறை யாரோ ஒருவர் வழியாகத் தரைக்குப் போகிறது என்று கொண்டு ஒரு கணத்தில் துண்டித்துவிடும். வெந்நீர்த் தொட்டிக்கும் வேண்டும், நம் கீசருக்கும் வேண்டும். நல்ல எர்த் இணைப்போடு சேர்ந்தால்தான் அது முழுக் காவல்.

நம் கூரைக்கு மேல் வெயில்

பிரிட்டிஷ் அட்டவணை 30 டிகிரிக் காற்றுக்கு எழுதப்பட்டது என்றேன். மே மாதத்தில் மதுரையிலோ வேலூரிலோ நிழலிலேயே 40 டிகிரி. கம்பி சூடேற அங்கே 40 டிகிரி இடம் இருந்தது, இங்கே 30தான் மிச்சம். அதனால் அதே 4 ஸ்கொயரின் 38 ஆம்பியர் 33 ஆகக் குறைகிறது. மொட்டைமாடித் தளத்தின் கான்கிரீட்டுக்குள் பதித்த குழாயில் பிற்பகலில் 50 டிகிரி இருந்தால் 27கூடத் தேறாது. ஒரே குழாயில் மூன்று சுற்றுகளின் ஒயர்களைத் திணித்திருந்தால், ஒன்றையொன்று சூடாக்குவதால் அதிலும் பத்தில் மூன்று பங்கு போய்விடும். வெளிநாட்டு அட்டவணையைப் பார்த்து இங்கே ஒயர் வாங்குகிறவர்கள் இந்தக் குறைப்பைச் செய்யாவிட்டால் கணக்கு பொய்க்கும். ஏசியும் முழு வேகத்தில் ஓடுவது அந்தப் பிற்பகலில்தான்.

புதிதாக ஏசியோ கீசரோ வாங்கினால், விலையையும் நட்சத்திரக் குறியையும் பார்ப்பதுபோல் அது இழுக்கும் ஆம்பியரையும் பாருங்கள். உரிமம் பெற்ற எலக்ட்ரீசியனை அழைத்து நான்கு விஷயங்களைக் கேளுங்கள்: இந்தச் சுற்றில் இப்போது இருப்பது எத்தனை ஸ்கொயர், போர்டிலிருந்து தூரம் எவ்வளவு, குழாய் எந்த வழியாகப் போகிறது, எம்சிபி எத்தனை ஆம்பியர். பதில் சொல்ல அவர் டேப்பை எடுத்து அளந்தாரென்றால், அந்த ஆளிடம் வேலையைக் கொடுங்கள்.